நாலு சீட்டும் ஒரே சின்னத்துக்கா? உள்ளாட்சித் தேர்தலில் கட்சி ஆதரவாளரின் கணக்கு

சட்டமன்றத் தேர்தலிலும் மக்களவைத் தேர்தலிலும் கட்சி ஆதரவாளருக்குக் குழப்பம் குறைவு. உள்ளே போய்ச் சின்னத்தைத் தேடி, பொத்தானை அமுக்கிவிட்டு வெளியே வந்துவிடலாம். கோட்டையில் யார் உட்காருவது, டெல்லியில் யார் உட்காருவது என்பதுதான் அங்கே கேள்வி. தொகுதி வேட்பாளர் கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் தலைவர் முகத்துக்காகப் பொறுத்துக்கொள்ளலாம்.

உள்ளாட்சியில்தான் வம்பு. நம் கட்சி நிறுத்தியிருப்பவர் ஐந்து வருடமாகத் தெருப்பக்கமே தலைகாட்டாதவராக இருப்பார். எதிர்க்கட்சியில் நிற்பவரோ போன மழைக்கு மோட்டார் கொண்டுவந்து நம் தெருவில் தண்ணீரை இறைத்துவிட்டவராக இருப்பார். மூன்றாவதாக, சீட் கிடைக்காத கோபத்தில் நம் கட்சிக்காரரே ஒருவர் சுயேச்சையாக நிற்பார். கூட்டணித் தர்மம் என்று மேடையில் ஒருவர் பேசுவார். "ஆளுங்கட்சி ஆள் வந்தால்தான் ரோடு வரும்" என்று டீக்கடையில் இன்னொருவர் சொல்வார். யார் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருப்பதுதான் சங்கடம்.

நானும் ஒரு கட்சி ஆதரவாளன்தான். எந்தக் கட்சி என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் பாதிப் பேர் இதோடு நிறுத்திவிடுவார்கள், மீதிப் பேர் மேற்கொண்டு படிக்காமலே ஆமாம் போட்டுவிடுவார்கள். என் கட்சி சில தேர்தல்களில் ஜெயித்திருக்கிறது, சிலவற்றில் தோற்றிருக்கிறது. அவ்வளவு போதும்.

நான் சொல்ல வருவது இதுதான். "கட்சியா, ஆளா?" என்று பொதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தால் விடை கிடைக்காது. நம் கையில் இருக்கும் வாக்கு எந்தப் பதவிக்கானது, அந்தப் பதவியில் இருப்பவர் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது, அவர் பின்னால் யாரைத் தேர்ந்தெடுக்கப் போகிறார் என்று பார்த்தால், ஒரே ஆளுக்கே நாலு வாக்குக்கு இரண்டு மூன்று விதமான விடை வரும். வந்தால் அது துரோகமும் இல்லை.

கிராமத்தில் கையில் வரும் நாலு சீட்டு

கிராமத்து வாக்காளருக்கு நாலு வாக்கு. ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வெள்ளை (சில இடங்களில் நீலம்), ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் 27 மாவட்டங்களிலும், 2021 அக்டோபரில் மீதி 9 மாவட்டங்களிலும் இப்படித்தான் நடந்தது. மெஷின் கிடையாது, வாக்குச்சீட்டுதான்.

இதில் முதல் இரண்டு சீட்டிலும் கட்சிச் சின்னமே இருக்காது. வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர் இரண்டும் சட்டப்படி கட்சி சார்பற்ற தேர்தல். பூட்டு சாவி, ஆட்டோ என்று ஏதாவது ஒரு பொதுச் சின்னத்தில்தான் எல்லாரும் நிற்க வேண்டும். பச்சையிலும் மஞ்சளிலும்தான் உதயசூரியனும் இரட்டை இலையும் மற்றவையும் வரும்.

ஆனால் ஊருக்குள் என்ன நடக்கிறது? கிளைச் செயலாளர் வந்து, "தலைவருக்கு நம்ம ஆளு இன்னாரு, சின்னம் இது" என்று சொல்லிவிட்டுப் போவார். கொடியைக் கட்டாமலே கட்சித் தேர்தலாக நடத்திவிடுவார்கள். இந்த இடத்தில் கட்சி ஆதரவாளர் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கோவை மாவட்டம் குருடம்பாளையம் ஊராட்சியில் 2021 அக்டோபரில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். ஒரு வார்டு இடைத்தேர்தலில் ஒருவர் ஒரே ஒரு வாக்கு வாங்கினார். பாஜகவுக்கு ஒரே ஓட்டு என்று நாடு முழுக்கக் கேலி நடந்தது. அவர் அந்தக் கட்சியைச் சேர்ந்தவர் என்பது உண்மைதான்; நின்றதோ கார் சின்னத்தில், சுயேச்சையாக. அவர் வீட்டு வாக்குகள் இருந்தது வேறு வார்டில். சில நூறு பேர் ஓட்டுப் போடும் வார்டு முடிவில் கட்சியின் செல்வாக்கை அளக்கப் பார்த்தால் இப்படித்தான் கோமாளித்தனமாக முடியும். தோற்றவர் கட்சிக்கு இது எப்படிப் பொருந்துமோ, ஜெயித்தவர் கட்சிக்கும் அப்படியே பொருந்தும்.

ஆக, வெள்ளைச் சீட்டிலும் இளஞ்சிவப்புச் சீட்டிலும் கட்சியைப் பார்க்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஆளைப் பார்க்கலாம். ஆனால் "நல்ல மனுஷன்" என்பது மட்டும் போதாது, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

ஊராட்சித் தலைவர் பதவி சின்னது என்று நினைப்பவர்கள் உண்டு. உள்ளாட்சியில் நேரடியாக மக்கள் ஓட்டுப் போட்டு, நேரடியாகச் செயல் அதிகாரம் உள்ளவரைத் தேர்ந்தெடுப்பது இந்த ஒரு இடத்தில்தான். மாநகராட்சியில் கமிஷனர் இருக்கிறார், நகராட்சியிலும் ஆணையர் இருக்கிறார், பேரூராட்சியில் செயல் அலுவலர் இருக்கிறார். கிராம ஊராட்சியில் தலைவரே நிர்வாக அதிகாரி. தண்ணீர்த் தொட்டி, தெருவிளக்கு, குப்பை, வீட்டு வரி, தூய்மைக் காவலர் சம்பளம் எல்லாம் அவர் மேசைக்குத்தான் வரும். ஜெயித்த பிறகு பிடிக்கவில்லை என்றால் நாம் திரும்பப் பெறவும் முடியாது. ஊராட்சிகள் சட்டம் 205-ம் பிரிவின்படி நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் கலெக்டர் கையில் இருக்கிறது. அது லேசில் நடக்காது.

அப்புறம் ஒரு விஷயம், பலர் கவனிக்காதது. ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர் கையெழுத்து மட்டும் போதாது. துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். துணைத் தலைவரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை; வார்டு உறுப்பினர்களிலிருந்து ஒருவர், அவர்கள் மட்டுமே ஓட்டுப் போடும் மறைமுகத் தேர்தலில் வருகிறார். தலைவருக்கும் துணைத் தலைவருக்கும் ஆகவில்லை என்றால் என்ன ஆகும்? மோட்டார் ரிப்பேர் பில் நிற்கும், தொட்டி ஆப்பரேட்டர் சம்பளம் நிற்கும், கடைசியில் குழாயில் தண்ணீர் நிற்கும். "துணைத் தலைவர் கையெழுத்துப் போட மறுக்கிறார்" என்ற செய்தி மாவட்டப் பக்கங்களில் அடிக்கடி வருவதன் காரணம் இதுதான். எனவே வெள்ளைச் சீட்டை, "அது சும்மா வார்டு மெம்பர்தானே, சொந்தக்காரப் பையன் நிற்கிறான், போட்டுவிடுவோம்" என்று கை போன போக்கில் குத்தக் கூடாது. தலைவராக வரக்கூடியவரோடு பேசி வேலை பார்க்கவும், அவர் கணக்குக் காட்டாவிட்டால் கேள்வி கேட்கவும் கூடிய ஆள்தான் அந்தச் சீட்டுக்கு. இரண்டு குணமும் வேண்டும். தலையாட்டியும் வேண்டாம், தலைவரைக் கவிழ்ப்பதற்கென்றே வருகிறவரும் வேண்டாம்.

ஆளை எடைபோட எனக்குத் தெரிந்த நல்ல இடம் கிராம சபை. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று முன்பு நாலு. 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்து ஆறு. தலைவர் பதவிக்கு நிற்கிறவர் இந்த ஐந்து வருடத்தில் கிராம சபைக்கு வந்திருக்கிறாரா, வந்து ஏதாவது கேட்டிருக்கிறாரா என்று விசாரித்துப் பாருங்கள். தேர்தல் நேரத்தில் கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்ததைவிட இது நிறையச் சொல்லும். 2019-ல் தலைவர் வேட்பாளர் செலவு உச்சவரம்பு 34,000 ரூபாய். அந்த மணியே அதைத் தாண்டியிருக்கும், அது வேறு கதை.

பெண்களுக்கான இடம் என்றால் இன்னொரு பார்வையும் வேண்டும். 2016 திருத்தத்துக்குப் பிறகு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. போஸ்டரில் வேட்பாளர் படம் ஓரமாகவும் கணவர் படம் நடுவிலும் இருந்தால், நாம் யாருக்கு ஓட்டுப் போடுகிறோம் என்று கேட்டுக்கொள்வது தப்பில்லை. ஆனால் அந்தக் காரணத்தைச் சொல்லிப் பெண் வேட்பாளர்கள் எல்லாரையும் ஒரே தராசில் போட்டு ஒதுக்குகிறவர்களும் உண்டு. மகளிர் குழுவில் கணக்கு எழுதி, வங்கியில் கடன் வாங்கித் திருப்பிக் கட்டிய அனுபவம் உள்ள பெண்கள் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். அவர்களில் ஒருவர் நிற்கிறார் என்றால், எந்தக் கட்சி வீட்டு மருமகள் என்று பார்க்காமல் போட்டுவிடலாம் என்பேன்.

பச்சைச் சீட்டில் கட்சி

ஒன்றியக் கவுன்சிலர் விஷயத்தில் நான் தலைகீழாகச் சொல்வேன். இங்கே கட்சிக்குப் போடுவதில் அர்த்தம் இருக்கிறது.

ஒன்றியக் கவுன்சிலர் தனி ஆளாக ஒன்றும் பெரிதாகச் செய்துவிட முடியாது. அவர் போய் ஒன்றியக் குழுத் தலைவரை, அதாவது சேர்மனைத் தேர்ந்தெடுக்கிறார். ஊர்களை இணைக்கும் சாலை, ஒன்றியத் தொடக்கப் பள்ளிக் கட்டடம், அங்கன்வாடிக் கட்டடம் எல்லாம் ஒன்றியத்தின் கையில்தான். சேர்மன் எந்தக் கட்சி என்பதை முடிவு செய்வது பச்சைச் சீட்டு. நீங்கள் எதிர்க்கட்சியின் நல்ல மனிதருக்குப் போட்டால், அவர் நல்லவராகவே இருந்தாலும், சேர்மன் தேர்தலில் அவர் கட்சிக்குத்தான் கை தூக்குவார். அது உங்களுக்குச் சம்மதமா என்று பாருங்கள். சம்மதம் என்றால் போடுங்கள். ஆனால் "ஆளைப் பார்த்துத்தான் போட்டேன்" என்று பின்னால் சொல்லி ஆறுதல் தேட முடியாது.

சரி, நம் கட்சிக்குப் போட்ட ஓட்டு நம் கட்சியிலேயே நிற்குமா? அங்கேதான் இந்த வாதத்தில் ஓட்டை. அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணையில் உள்ள கட்சித் தாவல் தடை எம்.பி.க்கும் எம்.எல்.ஏ.வுக்கும்தான். கேரளாவில் உள்ளாட்சிக்கென்று 1999-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டில் அப்படி இல்லை. சேர்மன் தேர்தலுக்கு முன்னால் கவுன்சிலர்களை ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போய் விடுதிகளில் தங்கவைக்கிற வழக்கம் சும்மா வந்துவிடவில்லை. ஆகவே பச்சைச் சீட்டில் கட்சியைப் பார்க்கும்போதுகூட, "இவர் ஜெயித்தால் சேர்மன் தேர்தல் வரைக்குமாவது நம் கட்சியில் இருப்பாரா?" என்ற ஒரு கேள்வி மிச்சமிருக்கும். போன தேர்தலில் வேறு கொடி பிடித்தவர், அதற்கு முந்தின தேர்தலில் இன்னொரு கொடி பிடித்தவர் என்றால், அவருக்குப் போடுவதைக் கட்சி ஓட்டு என்று சொல்லிக்கொள்வதில் பொருளில்லை.

மஞ்சள் சீட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாவட்ட ஊராட்சிக்கு இங்கே அதிகாரம் குறைவு, பெரும்பாலும் ஆலோசனை அளவில்தான். கட்சியின் பலத்தைக் காட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சின்னத்தில் குத்தலாம். தெருவில் இதனால் எதுவும் மாறாது.

ஊரில் பலர் ஏற்கெனவே இப்படிப் பிரித்துத்தான் போடுகிறார்கள் என்பது என் எண்ணம். 2019 மக்களவைத் தேர்தலில் 39 தொகுதியில் 38-ஐத் திமுக கூட்டணி வென்றது. அதே வருடக் கடைசியில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் 515 மாவட்ட வார்டுகளில் திமுக 243, அதிமுக 214. அவ்வளவு பெரிய அலை ஏழெட்டு மாதத்தில் கிட்டத்தட்ட சரிசமப் போட்டியாக மாறியது. ஆட்சியில் யார் இருந்தார்கள், கூட்டணி எப்படி என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் டெல்லிக்கு ஒரு விதம், ஒன்றியத்துக்கு வேறு விதம் என்று நினைத்தவர்கள் லட்சக்கணக்கில் இருந்திருக்கிறார்கள்.

நகரத்தில் ஒரே ஓட்டு

நகரவாசிக்கு இந்த வசதி இல்லை. வார்டு கவுன்சிலருக்கு ஒரே ஓட்டு, அதோடு முடிந்தது. மேயரையும் நகர்மன்றத் தலைவரையும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பார்கள்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1996-லும் 2001-லும் சென்னை மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள், 2006-ல் மறைமுகம், 2011-ல் மறுபடி நேரடி, 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு மறுபடி மறைமுகம். எந்த ஆட்சிக்கு எது வசதியோ அது. நேரடி முறை இருந்த காலத்தில் ஓட்டைப் பிரிக்க முடிந்தது. 2001 மே மாதம் அதிமுக பெரும் வெற்றியோடு ஆட்சியைப் பிடித்தது. அக்டோபரில் சென்னை வாக்காளர்கள் திமுகவின் மு.க. ஸ்டாலினை இரண்டாவது முறை மேயராக்கினார்கள். இன்றைய முறையில் அப்படி மேயருக்கு ஒருவர், வார்டுக்கு ஒருவர் என்று தனித்தனியாக விருப்பம் காட்ட வழியில்லை. ஒரே ஓட்டில் தெருவில் குப்பை அள்ள ஆளனுப்புகிற கவுன்சிலரையும் தேர்ந்தெடுக்க வேண்டும், மேயர் எந்தக் கட்சி என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இங்கே என் யோசனை கொஞ்சம் கணக்குப் பிள்ளைத்தனமாக இருக்கும். உங்கள் ஊரில் மன்றத்தில் கடும் போட்டி வரும் என்று தெரிந்தால் கட்சியைப் பாருங்கள். ஒரு பக்கமாகச் சாயப்போகிறது என்று தெரிந்தால் ஆளைப் பாருங்கள். 2022 பிப்ரவரித் தேர்தலில் சென்னையின் 200 வார்டில் திமுக மட்டும் 153, அதிமுக 15. அப்படிப்பட்ட ஊரில் இன்னும் ஒரு கவுன்சிலரைக் கூடுதலாகக் கொடுப்பதால் நம் கட்சிக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. ஆனால் மன்றத்தில் எழுந்து கேள்வி கேட்கிற ஒருவர் குறைந்தால் ஊருக்கு நஷ்டம். அந்தச் சூழ்நிலையில் ஆளுங்கட்சி ஆதரவாளர் ஒருவர், உழைக்கிற எதிர்க்கட்சிக்காரருக்கோ சுயேச்சைக்கோ போட்டால் அதைக் கட்சிக்குச் செய்த கெடுதல் என்று நான் நினைக்க மாட்டேன்.

இன்னொன்று. மேயர் யார் என்று தெரிந்துகொண்டா நாம் கட்சிக்குப் போடுகிறோம்? 2022-ல் திமுகவின் மேயர் வேட்பாளர் பட்டியல் மார்ச் 3-ம் தேதி வந்தது. மறைமுகத் தேர்தல் மறுநாள். மக்கள் ஓட்டுப் போட்டு முடித்துக் கிட்டத்தட்ட இரண்டு வாரம் ஆகியிருந்தது. கட்சிக்குப் போடுகிறேன் என்பவர் அந்தத் தலைமை பிற்பாடு யாரைக் காட்டினாலும் சரி என்று சேர்த்தே ஒப்புக்கொள்கிறார். அப்படி வந்தவர்களில் நன்றாகச் செயல்பட்டவர்கள் உண்டு. கும்பகோணத்தில் ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் காங்கிரஸ் சார்பில் மேயரானதும் இந்த முறையில்தான். எதிர்ப்பக்க உதாரணம் வேண்டுமானால் திருநெல்வேலி. மன்றத்தில் பெரும்பான்மை திமுக, மேயரும் திமுக, மேயரை எதிர்த்துச் சண்டை போட்டவர்களும் திமுக. 2024 ஜூலையில் மேயர் ராஜினாமா செய்தார். அடுத்து நடந்த தேர்தலில் கட்சி அறிவித்தவரை எதிர்த்துக் கட்சிக் கவுன்சிலரே நின்றார். அதே ஜூலையில் கோவை மேயரும் விலகினார். முழுப் பெரும்பான்மை கொடுத்தால் நிர்வாகம் தடையில்லாமல் ஓடும் என்ற வாதத்தை இனி அப்படியே விழுங்க முடியவில்லை.

கூட்டணிக்கு ஒதுக்கிய வார்டு

கட்சி ஆதரவாளருக்கு மனசு மிகவும் சங்கடப்படும் இடம் இது. வார்டில் நம் கட்சிக்குத்தான் பலம், வேலை பார்த்தது நம் வட்டச் செயலாளர். பேச்சுவார்த்தை முடிந்து பார்த்தால் அந்த வார்டு கூட்டணிக் கட்சிக்குப் போயிருக்கும். அந்தக் கட்சிக்கு வார்டில் கொடி கட்டவே ஆள் இருக்காது. வட்டச் செயலாளர் கோபத்தில் சுயேச்சையாக மனுத் தாக்கல் செய்வார். வாபஸ் வாங்கச் சொல்லி மாவட்டம் போன் போடும், வாங்க மாட்டார், கட்சியை விட்டு நீக்குவார்கள். ஆதரவாளர்கள் எல்லாரும் "அவர் ஜெயித்தால் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள்" என்று சொல்லிக்கொண்டு அவருக்கே போடுவார்கள்.

இதில் மூன்று வழிகள் உண்டு. கூட்டணி வேட்பாளருக்குப் போடுவது, போட்டி வேட்பாளருக்குப் போடுவது, இரண்டும் வேண்டாம் என்று வேறு யாருக்காவது போடுவது.

கூட்டணி வேட்பாளருக்குப் போடுகிறவர் நினைப்பது: இன்று வார்டை விட்டுக்கொடுத்தால்தான் நாளை சட்டமன்றத் தொகுதியில் அவர்கள் ஓட்டு நமக்கு வரும். இது அற்பமான வாதம் இல்லை. தமிழ்நாட்டில் தனியாக நின்று ஜெயிப்பது எவ்வளவு கடினம் என்று எந்தக் கட்சிக்காரருக்கும் தெரியும். சின்னக் கட்சிகள் மன்றத்துக்குள் வருவதே இந்த ஏற்பாட்டால்தான். சென்னையில் 2022-ல் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்டும் விடுதலைச் சிறுத்தைகளும் தலா நாலு வார்டில் ஜெயித்தார்கள். நம் ஆளுக்குக் கிடைக்காத சீட் என்று மட்டும் பார்க்காமல், மன்றத்துக்கு வேறொரு குரல் வருகிறது என்றும் பார்க்கலாம்.

போட்டி வேட்பாளர் பக்கம் உள்ள நியாயம் வேறு. அவரை நமக்குத் தெரியும், அவருக்குத் தெருவைத் தெரியும். கட்சித் தலைமை எங்கோ உட்கார்ந்து பிரித்துக் கொடுத்த கணக்குக்காக வார்டு ஏன் ஐந்து வருடம் கஷ்டப்பட வேண்டும்? ஆனால் அவர் ஜெயித்த பிறகு என்ன செய்வார் என்பதைத்தான் நான் பார்ப்பேன். 2022 மார்ச் 4-ம் தேதி மறைமுகத் தேர்தலில் கூட்டணிக்கு ஒதுக்கிய தலைவர் பதவிகளில் பல ஊர்களில் திமுகவினரே நின்று ஜெயித்தார்கள். அப்போது முதலமைச்சராக இருந்த ஸ்டாலின் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்து, ராஜினாமா செய்துவிட்டு வந்து தன்னைப் பார்க்கச் சொன்னார். சிலர் விலகினார்கள், சிலர் விலகவில்லை. நம் கட்சி பெரிது என்பதற்காக ஒப்பந்தத்தை மீறலாம் என்றால், அடுத்த தேர்தலில் நம்மை யார் நம்புவார்கள் என்ற கேள்வி வரும்.

நான் எங்கே நிற்பேன் என்றால், கூட்டணி வேட்பாளர் உள்ளூர்க்காரராக, கூப்பிட்டால் வருகிறவராக இருந்தால் அவருக்கே போடுவேன், சின்னம் வேறாக இருந்தாலும். வேறு வார்டிலிருந்து இறக்கிவிட்டவர் என்றால் போட்டி வேட்பாளருக்குப் போடத் தயங்க மாட்டேன். ஆனால் போட்டி வேட்பாளர் சீட் கிடைக்காததற்கு மட்டும் கோபப்பட்டவரா, வார்டுக்காகக் கோபப்பட்டவரா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சீட் கிடைத்திருந்தால் அவர் ஒழுங்காக வேலை பார்த்திருப்பாரா என்பதற்கு அவருடைய பழைய ஐந்து வருடம்தான் சாட்சி.

ஆளுங்கட்சி வந்தால்தான் நிதி வருமா?

இந்த வாதத்துக்கு ஓட்டு விழுகிறது என்பதில் சந்தேகமே வேண்டாம். கோவை மாவட்டத்தில் 2021 மே மாதம் பத்து சட்டமன்றத் தொகுதிகளையும் அதிமுக கூட்டணி வென்றது. ஒன்பது மாதம் கழித்துக் கோவை மாநகராட்சியின் 100 வார்டில் 96-ஐத் திமுக கூட்டணி வென்றது. ஊர் முழுக்கக் கொள்கை மாறிவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆட்சியில் இருப்பவர்களோடு ஒத்துப் போனால் காரியம் நடக்கும் என்று நினைத்தவர்கள் அதில் கணிசமாக இருந்திருப்பார்கள்.

இதில் பாதிதான் உண்மை. உள்ளாட்சிக்கு வரும் அடிப்படைப் பணம் மாநில நிதிக் குழு மானியம், மத்திய நிதிக் குழு மானியம் இரண்டும். மக்கள்தொகை போன்ற அளவுகோல்களை வைத்துப் பகிர்வார்கள்; தலைவர் எந்தக் கட்சி என்று பார்த்து இல்லை. 15-வது நிதிக் குழு 2021 முதல் கிராம ஊராட்சி மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டிவைத்தது. வீட்டு வரியும் குழாய் வரியும் நாம் கட்டுவது. எதிர்க்கட்சித் தலைவர் இருக்கிற ஊராட்சிக்கும் இவை வந்தே தீரும். தேர்தலே நடத்தாமல் விட்டால்தான் ஆபத்து. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து மூன்று வருடம் தனி அலுவலர்கள் கையில் ஊராட்சிகள் இருந்தபோது மத்திய மானியத்தை நிறுத்தி வைத்தார்கள்.

மீதிப் பாதி இருக்கிறதே, அது டீக்கடைக்காரர் சொல்வதுதான். எம்.எல்.ஏ. நிதி, மாநில அரசின் சிறப்புத் திட்டங்கள், எந்தச் சாலையை முதலில் போடுவது என்ற வரிசை. இதற்கெல்லாம் எம்.எல்.ஏ. அலுவலகத்திலும் கலெக்டர் அலுவலகத்திலும் போய் நிற்கத் தெரிந்த ஆள் வேண்டும். ஆளுங்கட்சிக்காரருக்குக் கதவு சீக்கிரம் திறக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் ஆளுங்கட்சிக்காரர் எல்லாரும் போய்க் கதவைத் தட்டுவார்கள் என்று யார் சொன்னது? அதோடு உள்ளாட்சியின் ஐந்து வருடமும் ஆட்சியின் ஐந்து வருடமும் ஒன்றாக ஓடுவதில்லை. 2019 டிசம்பரில் அன்றைய ஆளுங்கட்சி என்பதற்காக அதிமுகவுக்குப் போட்டவர்கள் ஒன்றரை வருடத்தில் எதிர்க்கட்சிக் கவுன்சிலரோடு மீதிக் காலத்தை ஓட்டினார்கள். நிதிக்காக மட்டும் கட்சி மாறிப் போடுவது எனக்கு லாபமாகத் தெரியவில்லை.

பணம், சாதி, ஏலம்

ஓட்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு போடுவதை நான் ஒரு வழியாகவே எடுத்துக்கொள்ளவில்லை, விட்டுவிடுகிறேன்.

சாதியை அப்படி விட முடியாது. கிராமத்தில் கட்சியைத் தாண்டி வேலை செய்வது அதுதான். "ஆளைப் பார்த்துப் போடு" என்று இவ்வளவு நேரம் சொன்னதில் ஒரு அபாயம் இருக்கிறது: பல ஊர்களில் "ஆள்" என்றாலே "நம்ம ஆள்" என்று அர்த்தம். கட்சி ஓட்டுக்கு நான் மரியாதை கொடுக்கும் இடம் இது. கட்சிச் சின்னம் வேறு தெருக்காரருக்கும் ஓட்டு வாங்கிக் கொடுத்துவிடும்; சின்னம் இல்லாத இளஞ்சிவப்புச் சீட்டில் அந்தப் பாதுகாப்பு இல்லை. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டு, தலைவராக ஜெயித்த முருகேசனை 1997 ஜூன் 30-ல் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய தனி ஊராட்சிகளில் 1996 முதல் பத்து வருடம் தலைவர் பதவி உருப்படியாக நடக்கவே விடவில்லை. 2006-ல்தான் ஒழுங்காகத் தேர்தல் நடந்தது. இந்த ஊர்களில் எல்லாக் கட்சிகளுக்கும் கிளை இருந்தது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும்.

பதவியை ஊர்க்கூட்டத்தில் ஏலம் விட்டு, போட்டியில்லாமல் ஒருவரை முன்னிறுத்துகிற வழக்கமும் அங்கங்கே தலைகாட்டுகிறது. பணம் கோயிலுக்குத்தானே போகிறது என்று நியாயம் சொல்வார்கள். ஏலத்தில் எடுத்தவர் போட்டதை எங்கிருந்து எடுப்பார் என்று யோசித்தால் போதும். அப்படி ஒரு ஊரில் யாராவது துணிந்து எதிர்த்து மனுப் போட்டால், அவர் என் எதிர்க்கட்சியாக இருந்தாலும் என் ஓட்டு அவருக்கு.

வீட்டிலேயே இருந்துவிடுவது?

பிடித்த வேட்பாளர் இல்லை, பிடிக்காத கட்சிக்குப் போடவும் மனசில்லை என்று வீட்டில் உட்கார்ந்துவிடுகிறவர்கள் நகரத்தில்தான் அதிகம். 2022-ல் மாநிலம் முழுக்க நகர்ப்புற உள்ளாட்சியில் சுமார் 60 சதவீதம் வாக்குப் பதிவு, சென்னையில் 43 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டியது. மெஷினில் நோட்டாவும் இல்லை. சட்டமன்றத்தில் நம் ஒரு ஓட்டு பெரிய கடலில் கலந்துவிடும் என்று சாக்குச் சொல்லலாம். வார்டில் அப்படிச் சொல்ல முடியாது. ஓட்டு சமமாகிக் குலுக்கல் போட்டு ஜெயித்தவரை அறிவித்த வார்டுகள் உண்டு.

கட்சிமேல் கோபம் என்றால் அதைக் காட்டத் தேர்தல் நாள் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. எல்லாக் கட்சியும் தேர்தலுக்கு முன்னால் விருப்ப மனு வாங்குகிறது. யார் யார் கொடுத்திருக்கிறார்கள் என்பது வட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அப்போது தெருவில் பத்து ஆதரவாளர்கள் சேர்ந்து போய், "இவருக்கு சீட் கொடுத்தால் நாங்கள் இறங்கி வேலை பார்ப்போம், அவருக்குக் கொடுத்தால் எங்கள் வீட்டு ஓட்டு வராது" என்று வட்டச் செயலாளரிடமோ ஒன்றியச் செயலாளரிடமோ முகத்துக்கு நேராகச் சொல்லலாம். கட்சி வேட்பாளர் இவர்தான் என்று தலைமை எழுதிக் கொடுக்கும் பி ஃபார்ம் கையெழுத்தாகிவிட்ட பிறகு வந்து சொன்னால், "இந்த ஒரு தடவை பொறுத்துக்கங்க அண்ணே" என்ற பதில்தான் கிடைக்கும்.